சும்மா கிடைக்கிற ரெண்டாவது டிக்கெட்

2009இல் ஒரு சனிக்கிழமை, ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"இஞ்சரும், கிரெடிட் கார்டை அப்கிரேட் பண்ணிப்போட்டன்," என்றார் கணவர். "வருசத்துக்கு நூற்றைம்பது பவுண்ஸ் கட்டவேணும். ஆனா ஒரு பிளேன் டிக்கெட் வாங்கினா இன்னொண்டு சும்மா தருவினம்."

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உண்மையாவோ? அப்ப நானும் அக்காவும் சிங்கப்பூர் போறம்."

"அது ஏலாது. கார்ட் என்ரை பேரிலை. ஒரு சீட்டிலை நான் இருந்தாத்தான் மற்றது சும்மா."

ரயில் அடுத்த ஸ்டேஷனான அப்டன் பார்க்கில் நின்றது. மனைவி கேட்டார்: "பழைய கார்டுக்கே திரும்பினா, மிச்ச மாதங்களுக்கான காசைத் தருவினமோ?"

"ஓம், தருவினம். ஏன்?"

"திங்கட்கிழமையே போன் எடுத்து மாத்திப்போடுங்கோ."