ராணியம்மாளின் ஒசத்தி ஸ்பேனர்

அது எப்படி பாய், நான் ஒடச்சிட்டேன்னு சொல்றீங்க? ஒடையல. நல்லா பாருங்க. வாயப் பொளந்துக்கிச்சு. ஒடையறது வேற, பொளக்கறது வேற. போன சந்தையன்னிக்கி இதே எடத்துல, இதே பலகை மேல வெச்சி உங்க கையாலதான குடுத்தீங்க? "எம்மா, இது மட்டம், அது ஒசத்தி, எது வேணும்?"னு கேட்டீங்க. ரெண்டும் ஸ்பேனரு, ரெண்டுக்கும் ரெண்டு பக்கம் வாயி, ரெண்டும் நட்டத்தான் திருவப்போவுது, மலிவா கீறதையே குடுங்கன்னேன். மட்டம்னு சொன்னீங்க, ஒத்துக்கிறேன். ஆனா இவ்ளோ மட்டம்னு சொன்னீங்களா?

ஆணி வாங்க வந்தவருக்கு மொதல்ல நிறுத்துப் போடுங்க பாய், போடுங்க. நான் நிக்கிறேன். எனக்கு இன்னா அவசரம்...

அவசரம் இருக்குது. மலைக்குப் போற பஸ்ஸு பொறப்பட்டுச்சின்னா அப்புறம் நாளைக்கிதான். நாளைக்கி வெடிஞ்சா எனக்குக் கோயில்ல கற்பூரம் காத்துக்கினு கீது. அது ஒரு பெரிய கத, வுடுங்க.

எங்க வூட்டுக்காரரத் தெரியுமில்ல? கோபால்சாமி. புதூர்நாட்டுல இருந்து ஜீப்பு ஓட்டிக்கினு வருவாரே, உள்ள ஆளு, மேல மூட்ட, பின்னால தொங்கறதுக்கு நாலு பேரு... அவருதான். ஜீப்புக்கு இன்னா நோவு வந்தாலும் அவரே பாத்துக்குவாரு. மெக்கானிக் கையில குடுக்க மாட்டாரு. வூட்டு வாசல்ல பலாமரத்தடியில சாக்கப் போட்டு, அடியில பூந்துக்கினு, காலு ரெண்டு மட்டும் வெளிய தெரியும். நான் அந்தக் காலுகிட்டதான் பேசுவேன். சோறு ஆயிடிச்சின்னு காலுகிட்ட சொல்லுவேன். காலு ஆடும்.

நேத்தும் அப்பிடித்தான் பூந்தாரு. பின்னாடி ஸ்பிரிங் பட்டைய இறுக்கிப் புடிக்கிற போல்ட்டு லூசாயிடிச்சி. எங்க மலை ரோட்டப் பாத்தீங்கன்னா நீங்க பட்டையப் பத்திக் கேக்கவே மாட்டீங்க. இந்த மட்டத்தப் போட்டு ஒரே இறுக்கு. வாயப் பொளந்துச்சு பாருங்க, வழுக்கி, கை போயி ஜீப்பு சேஸ் இரும்புல மோதி, நாலு வெரலும் தோலு உரிஞ்சி, நட்டும் மூல மழுங்கி கோலிக்குண்டு கணக்கா ஆயிடிச்சி. அடியில இருந்து அவரு சொன்னாரு பாருங்க வார்த்த... மரத்துல இருந்த காக்காலாம் எழுந்து போயிடிச்சி. "நீ வாங்கனதுதான, நீயே போயி, தொலஞ்சது எதுவோ அதே மாதிரி ஒண்ணு வாங்கினு வா"ன்னு என்னைய பஸ்ஸு ஏத்திட்டாரு.

ஆமா பாய், தொலஞ்சி போச்சி. தை மாசம் உங்ககிட்ட ஒசத்தி ஒண்ணு வாங்கினு போனாரில்ல, பளபளன்னு, மூஞ்சி பாத்துப் பொட்டு வெச்சிக்கலாம், அது. தொலையல. எடுத்துட்டா. எங்க ஓரகத்தி எடுத்துட்டா. பாஞ்சாலை.

சிரிக்காதீங்க. எங்க ஊர்ல ஒசத்தி வாங்கறதே தப்பு பாய். மட்டமானத ஒருத்தனும் கேக்க மாட்டான். ஒசத்தின்னு தெரிஞ்சிச்சோ, "அண்ணி, அந்த ஸ்பேனரு குடு, ஏர்ல போல்ட்டு", "அக்கா, அந்த ஸ்பேனரு குடு, சைக்கிளு." இல்லன்னு சொல்ல முடியுமா? சொந்தக்காரங்க. எல்லாம் மாமன் மச்சான். அதுக்குத்தான் அவரு ஸ்பேனரு புடியில அரத்தால ராவி, கோபால்சாமிக்கு "கோ"ன்னு எழுத்து போட்டு வெச்சாரு. எவன் வூட்டுல இருந்தாலும் கண்டுபுடிச்சிடலாம்னு.

இன்னா? அடிக்கடி பொழங்கறத ஒசத்தியா வாங்கணும், எப்பயோ ஒருவாட்டி எடுக்கறது மட்டமா இருந்தாப் போதும்னா சொல்றீங்க? அதேதான் பாய் நானும் சொல்றேன்! அவரு எப்பயோ ஒருவாட்டிதான எடுக்கறாரு? தெனமும் பொழங்கனது நானு.

புளி தட்டத்தான். வேற எதுக்கு?

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? கட்டையால தட்டனா ஓடு ஒடையும், கொட்டை வெளிய வராது. கல்லால தட்டனா கொட்டையும் சேந்து நசுங்கும். இந்த ஒசத்தி ஸ்பேனரு இருக்குதே, கனம்னா அப்பிடி ஒரு கனம், கைக்கு அடக்கமா, ஒரு தட்டு... ஓடு தனி, சதை தனி, கொட்டை துள்ளிக்கினு வாசலுக்கு ஓடும். நாரு எடுக்க அந்த வாயில மாட்டி ஒரு இழு. இதுக்குன்னே செஞ்சி வெச்சிருக்கான் புண்ணியவான். மட்டத்துல தட்டிப் பாருங்க, கைதான் அதிரும். ஒசத்திக்கும் மட்டத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. நட்டுக்குத்தான் தெரியாது. புளிக்குத் தெரியும்.

அது காணாமப் போன அன்னிக்கி நான் தட்டிக்கினு இருந்தேன். பாஞ்சாலை எதுர்ல குந்திக்கினு நாரு எடுத்துக்கினு இருந்தா. அவ வாய் சும்மா இருக்காது, எனக்கும் சும்மா இருக்காது. கீழூர்ல அவ தங்கச்சி புருசன் ரெண்டாங்கல்யாணம் கட்டிக்கினான் பாருங்க, அந்தக் கத. சுவாரசியம்னா சுவாரசியம். பேசிக்கினே உப்பு போட்டேன், பேசிக்கினே கலந்து அமுக்கனேன், பேசிக்கினே உருண்ட புடிச்சேன். இருட்டிப்போச்சி. அவ எழுந்து போனா. திரும்பிப் பாத்தா ஸ்பேனரக் காணோம். இருந்தவ அவ ஒருத்தி. வேற யாரு? காக்காவா தூக்கினு போவும், அவ்ளோ கனத்த?

கேட்டேன். நல்லபடியாத்தான் கேட்டேன். "எங்க வூட்டு இரும்ப வெச்சிக்கினு நீ மாளிகை கட்டப்போறியா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ அழுதா பாருங்க... ஊரே கூடிடிச்சி. எனக்கு மூக்குமேல கோவம். "அவதான் எடுத்தா, காளியாத்தா முன்னால கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன்!"னு சொல்லிப்புட்டேன். யாரும் கேக்கல பாய், நானேதான் சொன்னேன். ஊர்க்கவுண்டரு அதையே புடிச்சிக்கினாரு. நாளைக்கிக் காலையில நான் கற்பூரம் அடிக்கணும். அடிக்கலன்னா ஊரு முன்னால பாஞ்சாலை கால்ல வுழுவணும். கால்ல கூட வுழுந்துடுவேன். பொய்ச் சத்தியம் பண்ணிட்டா எங்க காளியாத்தா சும்மா வுட மாட்டா. ஜீப்பு வேற அந்தரத்துல நிக்கிது. அவரு ஓட்ற ரோடு வேற அந்த ரோடு.

ஆனா அவதான் எடுத்தா. நிச்சயமா. ...எடுத்திருப்பா இல்ல?

சரி, இத வாபஸ் எடுத்துக்கினு அந்த ஒசத்தியக் குடுங்க. பொழங்கனத எடுக்க மாட்டீங்களா? தெரியும். அதான் வெறுங்கையோட வரல. இந்தாங்க. புதுப் புளி. கோணிய அவுருங்க. பிரியாணிக்கிப் பக்கத்துல உங்க வூட்டுல கத்திரிக்கா செய்வாங்களே, அதுல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பலாக்கா கணக்கா உருண்டைய எம்மாந்தூரம் தூக்கினு வந்தேன் தெரியுமா? தோளு வுட்டுப்போச்சி. எப்பவும் இந்தக் கனம் இருக்காது பாய், இந்த வருசம் சதைப்பத்து அதிகம். நல்ல மழை.

உங்க தம்பி வூட்டுக்குப் பாதியா? அறுங்க, அறுங்க. தாராளமா. பெரிய கத்திய எடுங்க, இறுகிக் கீது. நானே அமுக்கனது, லேசுல...

இன்னா சத்தம் அது?

கல்லா இருக்கும். கொட்டையா இருக்கும். கொட்டைக்கி டங்குனு சத்தம் வருமான்னு கேக்கறீங்க... இந்தப் பக்கமா வெட்டுங்க. அங்கயும் டங்கா? இருங்க, கையால பிக்கிறேன்.

...

மூடுங்க பாய். மூடுங்க! அந்த ஆணி வாங்கறவரு பாக்கறாரு. கோணிய மேல போடுங்க. அவரு எந்த ஊரு? மலையில சொந்தம் இருக்குதான்னு கேளுங்க. இல்லியா? தப்பிச்சேன்.

நீங்க ஏன் கல்லாப்பொட்டிக்கிப் பின்னால குனிஞ்சிக்கினு ஆடறீங்க? இருமலா? இருமுங்க, இருமுங்க.

அடி பாஞ்சாலை... உன்னையப் போயி...

இல்ல பாய், நாளைக்கிக் கற்பூரம் இல்ல. நானே போயி அவ கால்ல வுழுந்துடறேன். ஊரு வேணாம், கவுண்டரு வேணாம், இன்னிக்கே, அவ வூட்டுக்கே போயி. "நீ எடுக்கலடி, என் புத்திதான் எங்கியோ போச்சி"ன்னு சொல்லிடறேன். அது நெசந்தான? அந்தப் புளிய இப்பிடிக் குடுங்க. ஆமா, ரெண்டு பாதியுந்தான். உங்களுக்கு அடுத்த சந்தைக்கிக் கொண்டாறேன். இது பாஞ்சாலைக்கி. அவ நாரு எடுத்த புளிதான இது, அவளுக்குத்தான் சேரணும்.

வூட்டுக்காரருகிட்டயா? அதெல்லாம் சொல்ல முடியாது பாய். வருசம் பூரா அந்தக் காலு ரெண்டும் என்னையப் பாத்துச் சிரிக்கும். ஸ்பேனரு பாயிகிட்ட புதுசா வாங்கனதுன்னு குடுத்துடறேன். கொஞ்சம் சீமெண்ணெ ஊத்தித் தொடைங்க, புளிப்பு வாசன போவட்டும். புளி பட்டு எப்பிடி மின்னுது பாத்தீங்களா! புதுசேதான்.

அய்யோ. இந்த "கோ".

பாய்... அரம் இருக்குதா? இருக்குதா, எடுங்க. மட்டமா, ஒசத்தியான்னா கேக்கறீங்க?

ஒசத்தியே குடுங்க. பஸ்ஸு ஊரு போயிச் சேர்றதுக்குள்ள எழுத்த ராவணும்.