தூரத்துலேருந்து தெரியணும்

ஷாட்கன் வேணாம் பாஸ். எனக்குத் தெரியும், தோட்டம் வச்சிருக்கவன் எல்லாம் அதத்தான் வாங்குறான். ஒரே வெடியில பத்து குண்டு பறக்கும், கண்ண மூடிக்கிட்டு சுட்டாலும் காட்டுப்பன்னி விழும். எனக்கு அது சரிப்படாது. ரைபிள்தான் வேணும்னு போலீஸ்ல நடையா நடந்து அனுமதி வாங்கியிருக்கேன். இந்தக் கடுதாசியப் பாருங்க, பேரு கன்னையா, ஊரு ஜெஞ்சாரோம், செம்பனைத் தோட்டம். ரிட்டையர் ஆன லோரி டிரைவர்னு அதுல இருக்காது, அத நானே சொல்லிர்றேன். உங்க சட்டையில யுகேந்திரன்னு போட்டிருக்கு, நம்ம ஆளுதானே? அப்பாடா. உங்க முதலாளிகிட்ட இங்கிலீஷ் பேசிப் பேசி நாக்கு வறண்டு போச்சு.

அந்த மூணாவது, போல்ட் வச்சது, அத எடுங்க. ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்துத் தள்ளணுமா? அதுக்குள்ள பன்னி ஓடிருமா? ஓடட்டும் லா. எங்க, ஒரு தடவை இழுங்க... யப்பா, என்னா சத்தம்! இதான் வேணும். எண்ணெய் கிண்ணெய் போட்டு அடக்கிராதீங்க.

விலை பரவாயில்ல. பின்பக்கக் கட்டை பிளாஸ்டிக்கா இருக்கறதும் நல்லதுதான், கனம் தெரியாம தோள்ல மாட்டிக்கிட்டு சுத்தலாம். கலர் மட்டும் மாத்துங்க. இந்த இலைப் பச்சை வேணாம். கல்யாண வீட்டுக் கேசரி இருக்கில்ல, அந்தக் கலர். யாரும் அப்படிக் கேட்டதில்லையா? நான் கேக்குறேன்ல.

ட்ரிகர லேசாக்கித் தர்றேங்கறீங்களா? தொட்டாலே வெடிக்குமா? ஐயையோ! கனமாக்க முடியுமா, அதச் சொல்லுங்க. சிரிக்காதீங்க பாஸ், சீரியஸா கேக்குறேன்.

ஸ்கோப்பா? கட்டாயம் வேணும். உள்ளதுலயே பெருசாப் போடுங்க. கண்ணாடி மட்டமா? மங்கலாத் தெரியுமா? அதனால என்ன. அது வழியா நான் என்னத்தப் பாக்கப் போறேன், பக்கத்துத் தோட்டத்துக்காரன் அதப் பாத்தா போதும்.

பக்கத்துத் தோட்டம் தம்புசாமியோடது. ஒரு பொட்டப் பன்னி, இடது காது கிழிஞ்சது, அவன் நட்ட செம்பனைக் கன்னெல்லாம் நோண்டித் தின்னுருச்சு. என் கன்னும்தான் போச்சு, அத யாரு கேக்குறா. கோலாலம்பூர்லேருந்து வேட்டைக்காரங்களக் கூட்டிட்டு வர்றேன்னு குதிக்கிறான். வேணாம்பா, வெளி ஆள் எதுக்கு, நானே லைசன் எடுத்து எல்லாத் தோட்டத்தையும் காவல் பாக்குறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள துப்பாக்கியோட நின்னா சரி, இல்லாட்டி அவன் ஆளுங்க வந்துருவாங்க. அதான் இந்த அவசரம். கேசரிக் கலரு சனிக்கெழமைக்குள்ள காஞ்சிருமில்ல?

தோட்டாவா? அது... எழுதாதீங்க பாஸ், இருங்க. ஒரு பெட்டி கூட வேணாம்.

ஏன்னு கேக்குறீங்க. சரி, சொல்றேன். முதலாளி காதுல போடாதீங்க.

என் சம்சாரம் வாணி, போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி தவறிட்டா. அவளுக்கும் அந்தப் பன்னிக்கும் தெனம் சண்டை. அது மரவள்ளிய நோண்டும், இவ வெளக்குமாத்தத் தூக்கிட்டு ஓடுவா. கருமாதி அன்னைக்கு இலை நெறையப் படையல் வச்சு காக்காவக் கூப்புடுறோம், கூப்புடுறோம், ஒரு காக்கா வரல. பூசாரிக்குத் தொண்டை கட்டிருச்சு. கடைசியில செம்பனைக்குள்ளேருந்து யாரு வர்றாங்கறீங்க? அந்தக் காது கிழிஞ்சதுதான். எல்லாரும் அடிக்க ஓடுனாங்க. நான் விடல. சோறு, வடை, பாயாசம் ஒண்ணு விடாம சாப்புட்டுச்சு. பூசாரி சொன்னாருன்னு வச்ச பாவக்காய மட்டும் மூக்கால ஓரமாத் தள்ளிட்டுப் போயிருச்சு.

வாணிக்குப் பாவக்கா ஆகவே ஆகாது பாஸ்.

எனக்கும் தெரியும், பன்னி பன்னிதான். லோரி ஓட்டுனவன்தான், பைத்தியக்காரன் இல்ல. ஆனா அதுக்கப்புறம் சாயங்காலமானா அது வேலியோரம் வந்து நிக்குது, நானும் சோத்து மிச்சத்த எடுத்துட்டுப் போய் நிக்கிறேன். அத எப்படி இன்னொருத்தன் சுடவிடுறது? துப்பாக்கி என் தோள்ல இருந்தா வேற எவனும் தூக்கமாட்டான். அவ்வளவுதான் கணக்கு.

சத்தமே கேக்கலன்னா தம்புசாமிக்குச் சந்தேகம் வருமேங்கறீங்களா? அத யோசிக்காமலா இருப்பேன். தீபாவளிக்குன்னு வாணி ஆசையா வாங்கி வச்ச பட்டாசு ஒரு பெட்டி அப்படியே கெடக்கு, தோட்டத்துல ஒண்ணொண்ணா கொளுத்துனா போதும். வெடிக்கறதுக்கு வீட்டுலதான் ஆளில்ல.