இருபது வினாடி

படிகளை எண்ணிக்கொண்டே ஏறும் பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் கட்டடத்தில் எழுபத்திரண்டு. மாடிக்குப் பதினெட்டு, ஒன்பதாவது படியில் ஒரு திருப்பம், அதற்கு மேல் இன்னும் ஒன்பது. நாங்கள் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுக்கு ஜன்னலும் கிடையாது என்பதால் நடுப்பகலிலும் விளக்கு வேண்டும்.

ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். மின்சாரம் வீணாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. எங்கள் வீட்டில் ஏசி இல்லை. சார்ஜர் செருகியபடி கிடக்காது. என்னோடு இருந்தது அக்கா மட்டும்தான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்திம்பேர் போன பிறகு வந்துவிட்டாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, "தொறக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். அவளுக்கு நான் சயின்டிஸ்டு.

குடியிருப்போர் சங்கம் பொது மின்சாரத்தைக் குறைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த படிக்கட்டு விளக்குகளுக்கு டைமர் வைத்தேன். எந்த மாடியில் பொத்தானை அழுத்தினாலும் ஐந்து விளக்குகளும் எரியும், அறுபது வினாடியில் தாமாக அணையும். மாதம் எத்தனை யூனிட் குறைந்தது என்று கீழே அறிவிப்புப் பலகையில் எழுதினேன். வருகிறவர்கள் நின்று படித்தார்கள். நான் எழுதிய எதையும் அதுவரை யாரும் நின்று படித்ததில்லை.

மூன்றாம் மாதம் எண் இறங்கவில்லை. நாற்பது வினாடி ஆக்கினேன். பிறகு இருபது. ஒரு மாடி ஏற எனக்குப் பன்னிரண்டு வினாடிதான் ஆகிறது, ஆகவே இருபது தாராளம் என்று சங்கக் கூட்டத்தில் விளக்கினேன். யாரும் மறுக்கவில்லை.

அக்காவுக்கு முட்டி வலி. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவாள். கடைசி நான்கைந்து படிகள் அவளுக்கு இருட்டுதான்.

"நீ வச்ச லைட்டு எனக்கு முன்னாடியே வீடு வந்து சேந்துடுதுடா" என்று சிரித்தாள். இன்னொரு நாள் சிரிக்காமல் கேட்டாள். "எனக்காக ஒரு பத்து செகண்டு கூட்டி வையேன்."

"ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்கக்கா. கொஞ்சம் வேகமா ஏறு. முட்டிக்கும் நல்லது."

"சரி சார். இனிமே ஓடி வரேன்."

ஓடவில்லை. இருட்டில் நின்று, "தம்பி, லைட்டு" என்று குரல் கொடுப்பாள். நான் வெளியே வந்து பொத்தானை அழுத்துவேன். டைமர் வைத்தவன் வீட்டிலிருந்தே குரல் வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதையும் ஒரு நாள் சொன்னேன். திருப்பத்திலிருந்து ஒன்பது படிதான், எண்ணிக்கொண்டே வா என்றேன். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் வெங்காயம் வாங்கப் போயிருந்தாள். நான் குப்பை வாளியோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மூன்றாம் மாடியில் அவள் பொத்தானை அழுத்தும் சத்தமும், செருப்புச் சத்தமும் கேட்டன. பிறகு திருப்பத்தில் நின்றாள். விளக்கு அணைந்தது.

நான் உள்ளே இருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உள்ளே இல்லை. என் விரல் பொத்தான் மேல் இருந்தது. அவளால் தட்டுத் தடுமாறியாவது வர முடிகிறதா என்று பார்க்க நினைத்தேன். முடிந்தால், அந்த விளக்கு அவளுக்குத் தேவையில்லை என்று ஆகிவிடும். நான் மனதுக்குள் வினாடிகளை எண்ணினேன். அவள் மெல்லிய குரலில் படிகளை எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஐந்து வரவில்லை.

வெங்காயங்கள் உருண்டு முடிந்த பிறகு பொத்தானை அழுத்தினேன். திருப்பத்தில் சுவரோடு கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். விளக்கு மறுபடியும் அணையும்வரை நான் இறங்கவில்லை. இருபது வினாடி நீளமான நேரம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிரோடு இருந்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "கால் வழுக்கிடுச்சுப்பா. தம்பி உள்ள இருந்தான், பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சங்கம் டைமரைக் கழற்றிவிட்டது. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்லது செய்யப்போன இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்றார்கள். நாற்பதிலிருந்து இருபதாக்கியதில் மாதம் எவ்வளவு மிச்சமானது என்று பிறகு கணக்குப் பார்த்தேன். ஒரு யூனிட். இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் சூடாக வைத்தால் தீர்ந்துபோகும்.

என் நடையை மட்டும் வைத்து இருபது என்று முடிவு செய்தேன், அக்காவை யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்று சங்கத்தில் அழுதேன். அழுதது உண்மைதான். ஆனால் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த நிறுத்து கடிகாரத்தோடு நான் வைத்திருந்த நோட்டு இப்போதும் மேசையில் இருக்கிறது. 'நான், பன்னிரண்டு வினாடி' என்ற வரிக்குக் கீழே, அதே நாள், அதே பேனாவில், இன்னொரு வரி உண்டு.

'அக்கா, முப்பத்தொன்று. குறைக்கலாம்.'