மூணு பீப்

இல்ல தம்பி, கம்ப்யூட்டருக்குக் கரண்டு வருது. உள்ள ஃபேன் சுத்துது பாருங்க, முன்னால லைட்டும் எரியுது. ஸ்கிரீன்லதான் ஒன்னும் வரல. பீப் பீப் பீப்புன்னு மூணு தடவ கத்துது, கொஞ்சம் நிக்கிது, மறுபடி மூணு தடவ. காலையில ஒம்போது மணிலேருந்து இதே பாட்டுதான். நாந்தான் தலவலி தாங்காம சுவிட்ச அமத்தி வச்சிருந்தேன், நீங்க பாக்கத்தான் இப்ப போட்டேன்.

தரையில ஏன் ஒக்கார்றீங்க, அந்த நாக்காலிய இழுத்துப் போட்டுக்குங்க. நான் வாக்கரப் புடிச்சிக்கிட்டு மெதுவாத்தான் வருவேன். காஹாங்லேருந்தா வரீங்க? தூரந்தான். ரூபேந்திரன்னு ஒருத்தர் வருவாரு, நல்லா செய்வாருன்னு என் மவன் சொன்னான். ஆமா, பிராண்டன்தான், உங்களுக்குப் போன் பண்ணது அவன்தான். சிங்கப்பூர்ல வேல. ஞாயித்துக்கெழம மட்டும்தான் குளுவாங்குக்கு வருவான். அஞ்சு மணிக்குள்ள ஓட வச்சிரணும்னு சொன்னானா? சொல்லுவான் லா. எனக்கும் அரமணிக்கு ஒருக்கா அடிச்சிக் கேக்குறான், ஆளு வந்தாச்சா, தொறந்தாச்சா, என்னவாம்னு. இப்ப மணி என்னா? நாலே காலா.

இருங்க, ஒரு மைலோ கலக்குறேன். வேணாங்காதீங்க. நான் அடுப்படி வரைக்கும் போயி வர்றதுக்கே பத்து நிமிசம் ஆவும், அதுவரைக்கும் நீங்க நிதானமாப் பாருங்க. அவசரமே இல்ல.

இந்தாங்க, சூடா இருக்கு. என்னா, மெமரியா? மூணு பீப்புன்னா மெமரின்னு அர்த்தமா? ஓ. எனக்கு இதெல்லாம் என்னா தெரியும் தம்பி. ரேமுங்கிற அந்த ரெண்டு அட்டையையும் கழட்டிட்டு ஒன்னு ஒன்னா போட்டுப் பாக்குறீங்களா, எது கெட்டதுன்னு கண்டுபுடிக்க? பாருங்க பாருங்க.

இதுல என்னா இருக்கு, இவ்வளவு அவசரம்னு கேக்குறீங்க. கேமரா தம்பி. வீட்டு கேமராவெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. நிமிந்து பாருங்க, உங்க தலைக்கு மேலயே ஒன்னு. சமையக்கட்டுல ஒன்னு, என் ரூம்ல ஒன்னு, பின்னால துணி காயப்போடுற எடத்துல ஒன்னு, கேட்டுல ஒன்னு. போன வருசம் குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு ஒடஞ்சி பிளேட் வச்சிருக்கு. நாலு மணி நேரம் ஈரத்துலயே கெடந்தேன், பக்கத்து வீட்டு பேச்சியம்மாள் வந்து பாக்குற வரைக்கும். அதுலேருந்து அவனுக்குப் பயம். என் வீட்டுக்காரர் ரபேல் இருந்திருந்தா இதெல்லாம் வேண்டியதில்ல, அவர்தான் முன்னமே போயிட்டாரே. அதோ படத்துல, மாதா பக்கத்துல.

என் மவன் கெட்டவன் இல்ல தம்பி, அத மொதல்ல சொல்லிர்றேன். சாப்பாட்டுக்கு ஆள் வச்சிருக்கான், ஆஸ்பத்திரிக்குக் கார் வருது, மாசாமாசம் மருந்து வருது. ஆனா நான் தும்முனா போன் வரும். வாக்கர் இல்லாம ரெண்டு அடி வச்சேன்னா அந்த கேமராப் பொட்டிக்குள்ளேருந்தே பேசுவான், அம்மா வாக்கர் எங்கன்னு. தனியா இருக்குற வீட்டுல கூரையிலேருந்து ஒரு கொரலு வந்தா ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்? ஒரு நாள் அவரு படத்தப் பாத்து அழுதேன். ஒடனே போன், என்னாம்மா ஆச்சி, ஏன் அழுவுறீங்க. அதுலேருந்து அழுவணும்னா குளிக்கிற ரூமுக்குத்தான் போறேன். விழுந்த எடம் அதுதான், கேமரா இல்லாத எடமும் அதுதான்.

ஃபிரிட்ஜுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, அங்க நின்னா எதுலயும் விழமாட்டேன்னு கண்டுபுடிச்சேன். ஒரு முக்காலி போட்டு ஒக்காந்தேன், சும்மா, ஒரு காரியமும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம வந்தவன் அங்கயும் ஒன்ன மாட்டிட்டுப் போயிட்டான். அம்மா, அங்க நீங்க தெரியவே மாட்டேங்கிறீங்கன்னான். பாசந்தான். நான் என்னா சொல்ல முடியும்.

ரெண்டும் அதே மாதிரி கத்துதா? மாத்தி மாத்திப் போட்டும்? ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல கெடாதுன்னு சொல்றீங்க. அப்ப மதர்போர்டுதான் போயிருச்சோ? அப்பிடின்னா சாமான் ஜேபி டவுன்லேருந்து வரணும் இல்ல? ரெண்டு மூணு நாள் ஆவும். தாப்பா தம்பி, பரவால்ல, ஆவட்டும், நான் மவன்கிட்ட சொல்லிக்கிறேன்.

இன்னும் பாக்கணுமா. சரி பாருங்க.

இரேசரா? பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி பையில வச்சிருக்கீங்களே. லேசாத் தேய்ங்க தம்பி, ஒரே பக்கமா இழுங்க, முன்னும் பின்னும் போட்டா கோல்டு ஃபிங்கர்ல, அதான் அந்தத் தங்கப் பல்லுல, கோடு விழும். அந்தத் தங்கம் ரொம்ப மெலிசு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா? அது வந்து, பழக்கம். செனாய்ல ஒரு பெக்டரில இருபத்திரெண்டு வருசம் இருந்தேன். இதே ரேம் செய்யிற பெக்டரிதான். அஞ்சு மணிக்கு வேலக்காரங்க பஸ்ஸு, ஏழு மணிக்கு லைன். மொதல்ல ஒப்பரேட்டர், அப்புறம் கடைசியா செக் பண்ற மேசையில போட்டாங்க. மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சமேனிக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பீஸு. இந்தத் தங்கப் பல்லுல ஒரு பொட்டு பச இருந்தாலும் ரிஜெக்ட்டு. அது மேல எது ஒட்டியிருந்தாலும் கம்ப்யூட்டருக்கு மெமரி இருக்குறதே தெரியாது, எழும்பவே எழும்பாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்தான். லூர்து பாத்துவிட்ட லாட்டு திரும்பி வராதுன்னு பேரு எனக்கு. மொதல்லயே சொல்லியிருக்கலாமா? நீங்க கேக்கல இல்ல.

மணி நாலு நாப்பதா. அந்தக் கடிகாரம் ரெண்டு நிமிசம் முன்னால ஓடும்.

ஒரே மவனான்னு கேக்குறீங்களா? இல்ல, ஒரு மவளும் இருக்கா. மெலிசா. அந்தப் பூட்டுன ரூம் அவளோடதுதான். ஆயர் ஈத்தாம்ல பீங்கான் கடையில வேல, அங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. கிட்டத்தான், முக்கா மணி நேரம். ஆனா வரமுடியாது.

பிராண்டனோட கூட்டாளி ஜோனுக்குத்தான் அவளக் கட்டிக் குடுத்தோம். இவனுக்கு சிங்கப்பூர்ல வேல வாங்கிக் குடுத்ததே அந்த ஜோன்தான். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல தங்குறாங்க இப்பவும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு காலையில மெலிசா ஒரு பையோட வந்து நின்னா. ஜோன் அடிக்கிறான்னா. கையத் தூக்கிக் காட்டுனா. பிராண்டன் நம்பல. ஜோன் அப்பிடிப்பட்டவன் இல்ல, நீ மானத்த வாங்காத, போயி வாழுன்னான். அவ மாட்டேன்னுட்டா. அப்ப இந்த வீட்டுப் படி மிதிக்காதன்னான். நான் அந்தத் தூண்கிட்டதான் நின்னேன். அவ கையில இருந்த அடையாளத்த நான் பாத்தேன் தம்பி. ரெண்டாயிரம் பீஸுல ஒரு பொட்டப் புடிக்கிறவ, எனக்குத் தெரியாதா அது என்னா அடையாளம்னு. ஆனா நான் வாயத் தொறக்கல. சோறு போடுறவன் அவன்னு நெனச்சேனோ என்னவோ.

போன ஜனவரி, நல்ல மழ. கேட்டுல மணி அடிச்சிது. கொடையோட மெலிசா நிக்கிறா, எனக்கு அடிபட்டது அப்பதான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் கேட்டத் தொறக்குற ரிமோட்ட எடுத்துட்டேன். அதுக்குள்ள கேட்டு கேமராவுல இவனுக்குக் கூப்புடுது போல, அந்தப் பொட்டிக்குள்ளேருந்து இவன் பேசுறான். நடு ரோட்டுல, அக்கம்பக்கம் கேக்க, தங்கச்சியப் பாத்து, போயிரு, அம்மாவுக்கு நீ வேணாம்னு. நான் இங்க கிரில்லுக்குப் பின்னால நிக்கிறேன். அவ செவுத்துல இருக்குற பொட்டியப் பாக்கல, என்னத்தான் பாத்தா. கொஞ்ச நேரம் நின்னா. ரிமோட்டு என் கையிலதான் இருந்துச்சி தம்பி. நான் அமுக்கல.

அவ போயிட்டா. ஒடனே எனக்குப் போன், அம்மா உள்ள போங்க, சாரல் அடிக்குதுன்னு.

அத விட்டுத் தள்ளுங்க. என்னா, டார்ச் அடிச்சிப் பாக்குறீங்க? ரொம்ப மினுங்குதா? ரெண்டுமா? பழைய ரேம், நல்லாத் தொடச்சி வச்சிருப்பான்.

எங்க எந்திரிக்கிறீங்க? வண்டிக்கா? உங்ககிட்ட இதே மாதிரி பழைய ரேம் இருக்கா. அதப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிருமா, ஒரு நிமிச வேலையா. ம். ஒரு நிமிச வேலதான்.

ஒக்காருங்க தம்பி. கொஞ்சம் ஒக்காருங்க.

நல்ல கெட்டிக்காரப் புள்ள நீங்க. இன்னும் இரேசரப் போட்டுத் தேய்க்கிறீங்களே, அது இரேசர்ல போவாது. நகத்துல சாயம் அழிப்பாங்க இல்ல, அந்தத் தண்ணி வேணும். பஞ்சுல நனச்சித் தொடச்சா ரெண்டே நிமிசம், ஒங்க ரேமும் வேணாம் ஒன்னும் வேணாம். மெலிசா மேசையில இருந்துச்சி, கலரே இல்லாத நகப் பாலிஷ், ரெண்டு வருசமா. காஞ்சி போயிருக்கும்னு நெனச்சேன், காயல. காலையில இவன் வேலையில மும்முரமா இருக்குற நேரம் பாத்துக் கம்ப்யூட்டர அமத்திட்டு, ரெண்டு ஸ்குரூவக் கழட்டி, ரெண்டு பீஸுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சேன். அந்த ஃபேன் காத்துல காய வச்சேன். இருபத்திரெண்டு வருசத்துல நான் கெடுத்த பீஸு இது ரெண்டுதான்.

சிரிக்காதீங்க தம்பி, எம் மவளுக்காகத்தான் செஞ்சேன். நாலு மணி பஸ்ஸப் புடிச்சிருப்பா, குளுவாங்ல எறங்கி டேக்சி எடுத்தா அஞ்சு. வாசுகின்னு பழைய லைன் கூட்டாளி ஒருத்தி மூலமாச் சொல்லி அனுப்புனேன், இன்னைக்கி கேமரா இருக்காது, வாடின்னு. வருவாளா மாட்டாளான்னு தெரியாது. ஒரு மணி நேரம் போதும் தம்பி. அதுக்கப்புறம் நீங்க தொடச்சிப் போட்டுருங்க, ஓடட்டும். இல்ல மதர்போர்டுன்னு சொல்லி நாளைக்கி வாங்க. இல்ல இப்பவே அவன்கிட்ட உண்மையச் சொல்லுங்க. ஒங்க பொழப்பு, நான் கட்டாயப்படுத்தல.

அதோ போன். அவனாத்தான் இருக்கும். இந்தாங்க, நீங்களே எடுத்துப் பேசுங்க. கேட்டுலயும் மணி அடிக்கிதா? எனக்கும் கேட்டுச்சி. டேக்சிதான், கதவு சாத்துற சத்தம்.

என்னா வேணாலும் சொல்லுங்க தம்பி அவன்கிட்ட. எனக்கு வழி விடுங்க, அந்த மைலோ கப்ப மட்டும் கால்ல படாம நவுத்துங்க. ரிமோட்டத் தேடாதீங்க. என் கையிலதான் இருக்கு.