நடைமேடையில் பட்டம் தந்த இலத்தீன் பேராசிரியருக்கு

முந்நூறு ஆண்டு மூத்த எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி முழக்கமே! இறையியலில் பிறந்து, சட்டத்தில் தவழ்ந்து, மருத்துவத்தில் நிமிர்ந்து, கணினிவரை வந்துவிட்ட இக்கழகத்தில், கூரை ஒழுகக் குடை பிடித்தபடி இலக்கணம் நடத்திய குணக்குன்றே! வணக்கம்.

மாணவர் தங்களை அழைத்தது 'லத்தீன் சார்'. பட்டமளிப்பு நாளில் சிற்றாலய மேடையேறி இலத்தீன் வாசகம் ஓதுவது தங்கள் பணி. நிறுவிய துறவியர் வகுத்த விதிப்படி, அவ்வாசகம் ஒலித்தால்தான் பட்டம் பட்டம். இல்லையேல் அது பூ வேலை செய்த வெறுங்காகிதம்.

ஓராண்டு, காலையில் சக பேராசிரியர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு நேரே மேடையேறினீர்கள். கால் வந்துவிட்டது, நாக்கு கல்லறையிலேயே நின்றுவிட்டது. பூரித்து நின்ற அத்தனை இளைஞருக்கும் கணீர்க்குரலில், இலத்தீனில், இறந்தோருக்குரிய 'நித்திய இளைப்பாற்றி' வேண்டினீர்கள்! பெற்றோர் கண்கலங்கிக் கைதட்டினர். முன்வரிசை அரைத்தூக்கத்தில் "ஆமென்" என்றது.

மதியம் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் தங்களுக்கு உறைத்தது. கழுவாத கையோடு அன்றைய துணைவேந்தர் அருள்தந்தையிடம் ஓடினீர்கள்.

"ஃபாதர், ஒருத்தரும் பட்டம் வாங்கல! எல்லாரையும் நான் அடக்கம் பண்ணிட்டேன்!"

"விடுங்க சார். லத்தீன் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே, ஃபாதர்!"

அவ்வளவுதான். கறுப்பு அங்கி காற்றில் பறக்க, ஊர் திரும்பும் மாணவரைத் தேடி ரயில் நிலையத்துக்குப் பாய்ந்தீர்கள். பின்னால் ஓடிய எங்களுக்கு நாக்குத் தள்ளியது. பெட்டி பெட்டியாய்ப் புகுந்து பிடித்துவந்து, மூட்டை முடிச்சோடு நடைமேடையில் நிறுத்தி, ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து உரிய வாசகத்தை ஓதினீர்கள். சட்ட மாணவர் வரிசையில் நின்ற யாரோ ஒரு பயணியம்மாவும் தலை குனிந்தார். ஓதி முடித்ததும் கேட்டார்:

"என் டிக்கெட்டப் பாக்கவே இல்லையே, தம்பி?"

தாங்கள் அசரவில்லை. "பத்திரமாப் போங்கம்மா. இப்ப நீங்க வக்கீல்."

ரயில் நகர்ந்தது. சன்னல் கம்பியைப் பிடித்து ஓடியபடியே கடைசி மாணவிக்குக் கடைசிச் சொல்லையும் சேர்ப்பித்து, முழங்கால் சிராய்ப்போடும் முகம் நிறைந்த சிரிப்போடும் திரும்பினீர்கள். பிறர் காதுக்கு எட்டாத பிழைக்கும் தாமே பதில் சொல்லும் பெருந்தகையே! அன்றுதான் நாங்கள் தங்கள் மாணவரானோம்.

நேற்று இம்மடலை எழுதுகையில், இக்கதையைப் புதிய துணைவேந்தரிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தோம். வெளிநாட்டில் பேர் வாங்கி, போன மாதம் இங்கே பொறுப்பேற்ற நம் பழைய மாணவர் அவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அது எந்த வருஷம்?" என்றார். சொன்னோம். மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

"ஐயோ... நான் அன்னிக்கு பஸ்ல போயிட்டேனே!"

ஐயா, இப்பாராட்டு விழாவில் இம்மடலை அளிக்க அவர் இதோ தங்கள் முன் தலை குனிந்து நிற்கிறார். அது பணிவு மட்டும் அன்று. தாங்கள் நோயின்றி, குறையின்றி, நூறு கடந்தும் வாழ்க! ஆனால், தங்கள் தோளில் மாலை விழுமுன் அவர் தலையில் ஒருமுறை கைவையுங்கள். அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்.

என்றும் தங்கள் அன்பு மறவா,
பேராசிரியர்கள், அலுவலர்கள்

(துணைவேந்தர் இன்னும் ஒரு நிமிடத்தில் கையொப்பமிடுவார்.)