வேட்டைக்குச் சுட்ட ரொட்டி

அந்தப் பைய இப்படி வைங்க தம்பி. அடுப்புப் பக்கம் வேணாம், மேச மேல. ஆமா, எங்க வீட்டுக்காரரோடதுதான். வார் அறுந்ததுக்கு நான்தான் செவப்பு நூல் போட்டுத் தைச்சேன், பாத்தாலே தெரியுதே. ஒக்காருங்க மொதல்ல. காலைலேர்ந்து அவரத் தேடிப் பாறையில கயித்தக் கட்டித் தொங்கிட்டு வந்திருக்கீங்க. உங்க ஆளுங்கல்லாம் வண்டியிலயேவா இருக்காங்க? வரச் சொல்ல வேண்டியதுதானே. சரி, இந்தச் சாராயம் ஒரு மடக்கு குடிங்க. அட, மூஞ்சியச் சுளிக்காதீங்க, உங்க குத்தைசிப் பட்டணத்து ஒயினு மாதிரியெல்லாம் இது இனிக்காது.

பை மட்டுந்தான் கெடச்சுதா? எங்க, வெள்ளப் பாறைக்குக் கீழயா? ம். சத்தம் ஏதும் கேட்டுச்சா? ஆளு கத்துற மாதிரி? காத்துன்னு நெனச்சீங்களா. நாலு நாளாச்சுல்ல. காத்தாத்தான் இருக்கும்.

வரையாடா? ஒத்தையா நின்னுச்சா? கொம்பு வெள்ளையா இருந்துச்சா? உங்களப் பாத்து ஓடலையா? ஐயய்யோ, யாரும் சுட்டுத் தொலைக்கலையே? நல்லவேள. அது ஆடு இல்ல தம்பி. டாலி, எங்க மலைத் தெய்வம். சிரிங்க, நல்லாச் சிரிங்க. மலையில உள்ள ஆட்டுக்கெல்லாம் அவதான் எசமானி. அவ மனசு வச்சாத்தான் இந்த ஊர்ல எவனுக்கும் வேட்ட. தங்கமாட்டம் தலமுடியாம். நான் பாத்ததில்ல, பொம்பளைங்க கண்ணுக்கு எதுக்குத் தெரியப் போறா.

சண்டையா, எங்களுக்குள்ளயா? சண்ட போடணும்னா ரெண்டு பேரும் பேசணும்ல. போன வருஷம் மொதப் பனி விழுந்தப்ப மேல போனவரு மூணாம் நாளு திரும்பி வந்தாரு. துணி தொவைக்கிறேன், சட்டப் பையில ஒரு பாசிமணி. நீலக் கலரு. எவ அவ, சொல்லுன்னு புடிச்சுக்கிட்டேன். மெஸ்தியா சந்தையில எவளயோ வச்சிருக்காருன்னுதான் நெனச்சேன். அப்படி இருந்திருந்தாப் போயி அவ முடியப் புடிச்சு ஆஞ்சிருப்பேன், அதோட தீந்திருக்கும். இந்த மனுஷன் அழுவுறாரு தம்பி. முர்ஸகான்னு பேரச் சொன்னா ஊரே எந்திரிச்சு நிக்கும், அந்த ஆளு கொழந்த மாதிரி அழுவுறாரு. மேல, பாறையில, அவ குடுத்தான்னாரு. நான் எவ முடியப் போயிப் புடிக்கிறது?

அன்னையிலேர்ந்து எம் பக்கத்துல படுக்கல. எட்டு மாசம். கோப்பைய நீட்டுனா வாங்க மாட்டாரு, கீழ வையிம்பாரு. என்னையத் தொட்டா அவளுக்குப் புடிக்காதாம். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவகிட்ட இதச் சொல்றாரு, கேட்டுக்கங்க.

உங்க ஊர்ல துப்பாக்கி இருந்தா வேட்டைக்குப் போயிரலாம். இங்க மேல போறவன் சுத்தமாப் போகணும். பொண்டாட்டிகிட்டப் போயிருக்கக் கூடாது, எழவு வீட்ல சாப்பிட்டிருக்கக் கூடாது, வீட்ல தீட்டு எதுவும் இருக்கக் கூடாது. மீறிப் போனா அவ விட மாட்டா. எங்க மாமனாரோட தம்பி அப்படிப் போயித்தான் ஒரு கையும் ஒரு காலுமாப் புடிச்சுக்கிட்டு ஒரு பகல் பூராத் தொங்குனாரு. ஊரே கீழ நின்னு பாத்துச்சு. ஒருத்தனும் ஏறல.

அதனாலதான் ஆம்பளைங்க கெளம்புறப்ப வாசல்ல நின்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேப்பாங்க, வீட்ல எல்லாம் சுத்தந்தானேன்னு. அவ இல்லன்னு சொல்லிட்டா அவ்வளவுதான். துப்பாக்கியச் செவுத்துல மாட்டிட்டு ஒக்காந்துருவாங்க, ஏன் எதுக்குன்னு மறு பேச்சுக் கெடையாது.

வியாழக்கெழம மத்தியானம் கெளம்புனாரு. குளிச்சு, தாடியச் சீவி, அந்தப் பாசிமணியக் கழுத்துல கட்டிக்கிட்டு. எங்க கல்யாணத்துக்குக்கூட இந்தச் சிங்காரம் இல்ல. வாசல்ல நின்னு எம் மூஞ்சியப் பாத்தாரு. எட்டு மாசத்துல அப்பத்தான் பாத்தாரு. கேட்டாரு. சுத்தந்தான், போயிட்டு வாங்கன்னேன்.

இல்ல தம்பி, வெறுப்பெல்லாம் இல்ல. ஆசதான். இப்பவும் அந்தச் செருப்புச் சத்தம் கேக்குதான்னுதான் காத வச்சுக்கிட்டு இருக்கேன். அதனாலதான் அவளுக்கு விட்டுக் குடுக்க முடியல.

பையத் தொறங்களேன். நான் தொட மாட்டேன், நீங்களே தொறங்க. துணி முடிச்சுல பார்லி ரொட்டி எத்தன இருக்கு? ரெண்டா? நல்லாப் பாருங்க, அடியில கெடக்கும். ரெண்டுதானா. மூணு சுட்டு வச்சேன்.

தின்னுட்டாரு அப்ப.

அடடே, வாயில வைக்காதீங்க! கீழ போடுங்க. கெட்டெல்லாம் போகல, எங்க ரொட்டி பத்து நாளு தாங்கும். நாளைக்கி நீங்க வெள்ளப் பாறைக்கு மேல ஏறணும்னீங்கல்ல, அதுக்குத்தான் சொல்றேன். பக்கத்து வீட்ல வேற ரொட்டி வாங்கியாறேன், இருங்க. வியாழக்கெழம விடியக்காலைல நான் வீட்டுக்குத் தூரம். வழக்கமா மாட்டுக் கொட்டாய் அறைக்குப் போயிருவேன், அடுப்புப் பக்கமே வர மாட்டேன். அன்னைக்கிப் போகல. இந்தக் கையாலதான் மாவு பெசஞ்சேன். பயப்படாதீங்க, இன்னைக்கி அஞ்சாம் நாளு, குளிச்சாச்சு, சாராயம் ஒண்ணும் செய்யாது. ரொட்டியத் தொட்டதுக்கு மட்டும், பின்னாடி ஊத்து இருக்கு, கையக் கழுவிருங்க.