நாய் பிஸ்கட்டில் திராட்சை

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் பேருந்தில், என் முன் இருக்கையிலிருந்த பெண் பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு திருடித் தின்னதாலதான் நாய் தப்பிச்சுதுக்கா.”

“என்னட்டி சொல்லுத?”

“நாய்க்குன்னு கோதுமை மாவுல பிஸ்கட் சுட்டேன். மேல காஞ்ச திராட்சைய அழுத்தி வச்சேன். அது எல்லாத்தையும் தின்ன பெறவுதான், திராட்சை நாய்க்கு விஷம்னு மக போன்ல சொன்னா. அழுதுகிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.”

“பெறவு?”

“டாக்டர் ஊசிய எடுக்கவும் எங்க வீட்டுக்காரரு பைய வாயத் தொறந்தாவ. ‘திராட்சையப் பூரா நான் பொறுக்கித் தின்னுட்டேன், நாய்க்கு எதுக்குன்னு நெனச்சேன்’னாவ.”

“நீ திட்டலையா?”

“எங்க திட்ட? அங்கன அத்தன பேரு முன்னால அவிய கையப் பிடிச்சிட்டேன்க்கா.”